சொத்து வரித் திருத்தம்: தொகையைப் பார்த்துப் பதறி நான் தொலைத்த நாட்கள்

திருத்திய மதிப்பீட்டு ஆணை நேற்றுதான் கைக்கு வந்தது. அதற்காக மாநகராட்சிக்கு ஐந்து தடவை நடந்தாயிற்று. மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை. நடந்ததெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே மாதிரி சொத்து வரி நோட்டீஸை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிற யாருக்காவது உதவும்.

கீழ்த்தளத்தில் எங்கள் பட்டறை, நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். மேல்தளத்தில் குடியிருக்கிறோம். பக்கத்தில் ரயில் நிலையம் திறந்தபிறகு எங்கள் தெருவை வரி கூடுதலான மேல் மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊர்ப் பணத்தில் போட்ட பாதையால் என் இடத்துக்கு மதிப்புக் கூடினால், அதில் ஒரு பங்கு ஊருக்குப் போவதுதான் முறை. கொஞ்சம் ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்ததோ பழையதைப்போல மூன்று மடங்கு.

பதறிப்போய் மாநகராட்சி வரிப் பிரிவுக்கு ஓடினேன். வரி விகிதம் அநியாயம், சின்னப் பட்டறை தாங்காது என்று அரை மணி நேரம் பேசினேன். எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “விகிதம் மன்றத் தீர்மானம் சார், இங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அவர் சொன்னது சரிதான். அப்படியானால் அங்கே எதைத்தான் திருத்துவார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். மனுவை வாங்கி ஒரு கட்டுக்குள் செருகினார், நானும் வந்துவிட்டேன்.

அன்றிரவு பெரிய நகரங்களில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். டெல்லியில் 2004 முதல் அலகுப் பரப்பு முறை. கட்டடப் பரப்பை அந்தப் பகுதிக்கான மதிப்பால் பெருக்கி, அதை மறுபடி கட்டடத்தின் வயது, கட்டுமான வகை, குடியிருப்பது உரிமையாளரா வாடகைக்காரரா, இடம் எதற்குப் பயன்படுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். பெங்களூரும் 2008-ல் பரப்பை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறியது. மும்பை 2010-ல் மூலதன மதிப்புக்கு, அதாவது சொத்தின் சந்தை மதிப்பை வைத்துப் போடும் கணக்குக்குப் போனது, அங்கேயும் பயன்பாட்டைப் பொறுத்துத் தொகை மாறும். எல்லாமே பெருக்கல் என்பதால் ஒரு கட்டத்தில் தப்பு விழுந்தால் மொத்தமும் எகிறிவிடும்.

உடனே நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. ‘பயன்பாடு’ கட்டத்தில் இரண்டு தளத்துக்கும் ‘வணிகம்’ என்று போட்டிருந்தது. பரப்பும் வரைபடத்தில் இருப்பதைவிட அதிகம். அதாவது நாங்கள் தூங்குகிற அறைக்கும் கடை வரி.

இரண்டாவது தடவை போனால் என் பழைய மனுவே இல்லை என்றார்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்காதது பெரிய தப்பு. முத்திரையும் தேதியும் விழுந்த நகல் கையில் இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். நோட்டீஸில் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்திருந்தார்கள், அதில் பாதி அதற்குள் போய்விட்டது.

மூன்றாவது தடவை, அங்கீகரித்த வரைபடத்தின் சான்றளித்த நகல் வேண்டுமென்றார்கள். அது வேறு பிரிவில். அங்கே போனால் பொறுப்பாளர் விடுப்பு. அந்த நாளும் வீண்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மின் கட்டண ரசீது. மேல்தளத்துக்குத் தனி மீட்டர், வீட்டு இணைப்பு. இரண்டு வருட ரசீதுகளைக் கோத்துக்கொண்டு நான்காவது தடவை போனேன். மனுவில் விகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பயன்பாடு தவறு, பரப்பு தவறு, இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று மட்டும் எழுதினேன். பழைய விகிதப்படியான தொகையைக் கட்டி அந்த ரசீதையும் இணைத்தேன். அன்றைக்குக் கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, “இது போதும்” என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அப்போதுதான் மூச்சு வந்தது.

அளக்க வந்த ஆய்வாளர் டேப்பின் நுனியைச் சுவர் மூலையில் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் பின்னாலேயே நகர்ந்து, வெளியே இருக்கிற திறந்த படிக்கட்டையும் தாண்டி இழுத்தார். கூடுதல் பரப்பு எங்கிருந்து வந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. “சார், கூரை இல்லாத படிக்கட்டு, இதைத் தனியா எழுதுங்க” என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார், அப்புறம் டேப்பைச் சுருட்டிச் சுவர் வரைக்கும் மறுபடி அளந்தார். குறிப்பேட்டில் அவர் எழுதிய பக்கத்தை அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது தடவை போனபோது கணினியில் பழைய அளவையே ஏற்றியிருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் மாற்ற வைத்தேன்.

இப்போது கீழ்த்தளம் வணிகம், மேல்தளம் குடியிருப்பு. வரி பழையதைவிடக் கூடத்தான் வருகிறது, அதை மனசோடு கட்டுவேன். ஆனால் நோட்டீஸில் இருந்தபடியே கட்டியிருந்தால் நான்கு பேரில் ஒருவரை நிறுத்தியிருப்பேன். ரயில் வந்து தெரு வளர்ந்தது என்று சொல்கிறோம், அந்த ஒருவரின் சம்பளமும் அதே தெருவில்தானே இருக்கிறது?

எதிர் வீட்டில் கீழே தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் நோட்டீஸையும் நேற்று மாலை வாங்கிப் பார்த்தேன். பின்பக்க அட்டவணையில் இரண்டு தளமும் வணிகம். அவருக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. மின் ரசீதுகளைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.