இந்தா, ரெண்டு கிலோமீட்டர்தான்

ஒரு கல்யாணப் பந்தியில, பாயசம் தந்த தெம்புல, "இந்த வருஷம் நானும் வேளாங்கண்ணிக்கு நடக்குறேன் பெரியம்மா"ன்னு வாயை விட்டுட்டேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அதுக்கு நாலு நாள் முன்னாடி தஞ்சாவூர்ல கிளம்பினோம். மொத்தம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

விடியக்காலம் 3 மணி. சப்பரத்துல மாதா, சுத்தி சீரியல் பல்பு, பின்னால 40 பேர் காவி உடுப்புல. எல்லாரும் வெறுங்கால். எனக்கு மட்டும் முந்தின நாள் வாங்கின 2,400 ரூபாய் ஷூ.

"புதுசா? கடிக்குமேடா."

"இது கடிக்கிற மாடல் இல்ல பெரியம்மா."

சாலியமங்கலத்துல கடிச்சுது.

குழுவைக் கூட்டிட்டுப் போறவரை எல்லாரும் மாமான்னுதான் கூப்பிடுவாங்க. "அம்மாப்பேட்டை எவ்வளவு தூரம் மாமா?" "இந்தா, ரெண்டு கிலோமீட்டர்தான்." அடுத்த வளைவுல மஞ்சத் தலைக் கல்லு 6ன்னுச்சு. நான் கல்லை நம்பினேன்.

வழியில பம்புசெட் குறுவையை அறுத்து, பாதி ரோட்டை மறிச்சு நெல் காயப்போட்டிருந்தாங்க. மிதிக்காம ஒதுங்கினோம். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, "ஏன் ஒதுங்குறீங்க? காலால துழாவிட்டே போங்க, எனக்கும் புண்ணியம்"னுச்சு. பெரியம்மா புடவையை லேசாத் தூக்கிக்கிட்டு, பாதத்தைத் தூக்காம இழுத்து இழுத்து ஒரு கோடு போட்டா. அப்படியே திரும்பி வந்து பக்கத்துல இன்னொரு கோடு. நாங்க அதுக்குள்ள அந்தம்மா மோரைக் காலி பண்ணிட்டோம்.

சாயங்காலம் நீடாமங்கலம். பஸ்ல போறப்ப அந்த ரயில்வே கேட்டைத் திட்டாத ஆள் கிடையாது. சரக்கு ரயில் போகும், அப்புறம் இன்ஜின் மட்டும் தனியாப் போகும், என்னத்தையோ மறந்துட்ட மாதிரி திரும்பி வரும். அன்னைக்கு நாங்க கிட்டப் போறப்பவே மணி அடிச்சு கேட் இறங்குச்சு. "மரியே வாழ்க!" காலையில இருந்து அவ்வளவு சத்தமா ஒருத்தரும் சொல்லல. 40 பேரும் தார் ரோட்டு ஓரத்துல பொத்துன்னு உட்கார்ந்தோம். பஸ்ல இருந்தவங்க எங்களை முறைச்சாங்க.

மாமா வாட்சைப் பார்த்தார். "இந்தா, ரெண்டு நிமிஷம்தான்."

அவர் கணக்கு தப்பணும்னு அன்னைக்குத்தான் மனசார வேண்டினேன். மாதா கைவிடல. நெல் மூட்டை ரயில், தனி இன்ஜின், அப்புறம் மன்னார்குடி வண்டி.

கேட் திறந்தப்ப கால் வீங்கி, ஷூவுக்குள்ள போகல. பெரியம்மா ஒண்ணும் சொல்லல. ரெண்டையும் வாங்கிக் கயித்தால முடிஞ்சு, பாத்திர பண்டம் ஏத்துற மினி லாரியில மாட்டிவிட்டா. மிச்ச தூரம் பூரா, என் ஷூ எனக்கு முன்னாடி ஆடிக்கிட்டே வேளாங்கண்ணிக்குப் போச்சு.