வருகிறது, போகவில்லை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்பத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, காணி உறுதி என்று நான் மொழிபெயர்த்துக் கையொப்பமிடுபவை ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் முதலில் மின்னஞ்சலில்தான் போகின்றன. விசா நேர்முகத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பவருடைய கடிதம் வெளிச்செல்லும் பெட்டியிலேயே கிடந்தால் அந்த வீடு எப்படித் தவிக்கும் என்பது எனக்குத் தெரியும். அயலில் யாராவது வந்து, "அக்கா, மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை" என்றால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து போவது அதனால்தான்.

கடிதத்தை நமக்குத் தருவது ஒரு சேர்வர், அதாவது மின்னஞ்சல் நிறுவனத்தின் சேவைக் கணினி. நம்மிடம் வாங்கிக் கொண்டுபோவது வேறொன்று. பெயர் வேறு, போர்ட் எண், அதாவது சேர்வருக்குள் நுழையும் வாசலின் எண், வேறு, கடவுச்சொல்லைக்கூடத் தனித்தனியாகத்தான் சேமிக்கிறார்கள். கணினியில் மின்னஞ்சல் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் அனுப்பும் சேர்வரின் விபரம் கணக்கு அமைப்புகளின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒதுங்கி இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கடிதம் ஒழுங்காக வருவதை வைத்துக்கொண்டு, போகும் வழியும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

பிழை காட்டும் அந்தச் சிறிய பெட்டியை வாசிக்காமல் மூடாதீர்கள். அதற்குள் பெரும்பாலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சிறிது நேரம் கழித்து மறுபடி அனுப்பலாம். 5இல் தொடங்கினால் உறுதியான மறுப்பு, எதையாவது திருத்தாமல் எத்தனை முறை அழுத்தினாலும் போகாது. 535 என்றால் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ சேர்வர் ஏற்கவில்லை. 552 என்றால் பெரும்பாலும் கடிதத்தின் அளவு கூடிவிட்டது. எண்ணே இல்லாமல், நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் நாம் அந்தச் சேர்வரின் வாசலையே எட்டவில்லை. அப்போது கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது வீண்வேலை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒன்றாகப் படித்து இப்போது நாடுநாடாகப் பிரிந்திருக்கும் நண்பர்களுக்கு மாதந்தவறாமல் நீண்ட கடிதம் எழுதுபவர். பழைய செப்புக் கம்பி இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறியதும் அவருடைய கடிதங்கள் நின்றுவிட்டன. "பிள்ளை, நான் ஒன்றையும் தொடவில்லை. எல்லாம் இருந்தபடியே இருக்கிறது" என்றார். "அப்படியானால் பாதையைப் பார்ப்போம், மாஸ்ரர்" என்று அமைப்பைத் திறந்தேன். அனுப்பும் சேர்வரின் போர்ட் 25 என்று இருந்தது.

விண்டோஸில், கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) என்ற கட்டளையுடன் சேர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று கணினியே பார்த்துச் சொல்லும். 25ஐக் கொடுத்தேன். நீலத் திரையில் சற்று நேரம் அசைவில்லை. பிறகு மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை, கடைசி வரியில் 'ஃபால்ஸ்', அதாவது வாசலை எட்ட முடியவில்லை. அதே கட்டளையை 587 என்று மாற்றிக் கொடுத்ததும் உடனே 'ட்ரூ', அதாவது திறந்திருக்கிறது, என்று வந்தது. மாஸ்ரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். போர்ட்டை 587 ஆக்கி, பாதுகாப்பில், இடையில் யாரும் வாசிக்காதபடி இணைப்பை மறைக்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்பதைத் தெரிவுசெய்து, பயனர் பெயராக முழு முகவரியையும் கொடுத்தோம். பெட்டியில் தேங்கியிருந்த கடிதங்கள் வரிசையாகப் போய்விட்டன.

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் நெறியை அமெரிக்கக் கணினி அறிஞர் ஜோன் போஸ்டல் 1982இல் எழுதியபோது, அனுப்புபவர் யார் என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. பின்னாளில் வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் போர்ட் 25 வழியாகக் குப்பைக் கடிதங்களை அள்ளி இறைக்கத் தொடங்கின. அதனால் உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அந்த வாசலை அடைத்துவிட்டன. பயனர்கள் தங்கள் பெயரைச் சொல்லிக் கடிதம் ஒப்படைப்பதற்கென்று 587 வகுக்கப்பட்டது 1998இல். தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கத்துடன் பேசும் 465ஐப் பயன்படுத்தும்படி 2018இல் வந்த பரிந்துரை கூறுகிறது. இரண்டில் உங்கள் சேவை எதைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள். 25ஐ அடைத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் புதிய இணைப்பைக் கொடுக்கும்போது இதைத் தமிழில் ஒரு வரியில் எழுதிக் கொடுப்பது இணைய நிறுவனங்களின் கடமை.

பாதையில்தான் பிழை என்ற சந்தேகம் வந்தால் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணினியை இணைத்து அனுப்பிப் பாருங்கள். அதில் போய், வீட்டு இணைப்பில் போகாவிட்டால் கணினியில் குறை தேட வேண்டியதில்லை.

535 வருகிறவர்களில் ஜிமெயில்காரர்கள் அதிகம். 2022 மே 30க்குப் பிறகு ஜிமெயில் தனிநபர் கணக்குகளில், பழைய மென்பொருளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழைய முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அந்த மென்பொருளுக்கென்றே கூகிள் தரும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் போட வேண்டும். புதிய தண்டர்பேர்டில் கூகிளின் பக்கமே திறந்து அனுமதி கேட்கும். அது இன்னும் நல்லது.

அளவைப் பற்றி என் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் கடித அளவில் ஓர் எல்லை உண்டு. அது 25 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு 20 எம்பிதானே என்று எண்ண வேண்டாம். கடிதத்தோடு இணைக்கும் கோப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டுப் பயணம் செய்வதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும், 20 எம்பி கோப்பு அந்த எல்லையைத் தாண்டிவிடும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் பிடிஎஃப் ஆக ஸ்கான் செய்தால் முத்திரையின் எழுத்துவரை தெளிவாகத் தெரியும். 600 தேவையில்லை.

வரவும் இல்லை, போகவும் இல்லை என்றால் திரை மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில், மின்வெட்டுக்குப் பிறகு ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கணினி கணக்கிட்டு இணைப்பை மறுத்துவிடும். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி, பெரும்பாலும் சி.ஆர். 2032, செத்திருக்கும். கைக்கடிகாரம் திருத்துகிற கடையிலேயே அது கிடைக்கும்.

இவை எதையும் பார்க்காமல், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. அப்படி அழித்ததில் பத்து வருடக் கடிதங்களை இழந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இறந்துபோன மகன் எழுதியவையும் அவற்றோடு போய்விட்டன. கடிதங்களைச் சேர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பொப் முறையில் கடிதம் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் பிரதி இருக்காது. தண்டர்பேர்டின் உதவிப் பட்டியலில், சரிசெய்தல் தகவல் என்ற பக்கத்திலிருந்து, கடிதங்கள் இருக்கும் சுயவிபரக் கோப்புறையைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாக ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். வேறொரு கணினியில் அதைச் செருகிக் கோப்புகள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.