ரேங்க் லிஸ்டில் நான் போடாத ப்ரோக்ராம்

2018 சீசனில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே டாக்டர்கள் பெறும் மேற்பயிற்சிக்கு, எனக்கு வந்தது மொத்தமே ஐந்து இன்டர்வியூ. ஸ்டெப் பரீட்சைகள் (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள்), வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குத் தேவையான இ.சி.எஃப்.எம்.ஜி. சர்டிபிகேட், இன்டர்வியூவுக்குப் போக விசா எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது மூன்றாவதாகப் போன இடம்தான்.

அப்போது எல்லாமே நேரில் (ஜூமுக்கு மாறியது 2020இல்தான்). டிசம்பர் மாதம், ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து காலை ஆறரைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். சாயங்காலமே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் கையில் பெரிய சூட்கேஸ். எங்கே வைக்கலாம் என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெட்டி கொண்டுவர வேண்டாம் என்று மெயிலில் போட்டிருந்தோமே" என்றார். அப்படி ஒரு வரியே அதில் இல்லை, பஸ்ஸில் அந்த மெயிலை மூன்று முறை படித்திருந்தேன். டூரில் மற்ற ஏழு பேரோடு வார்டு வார்டாக அதை இழுத்துக்கொண்டே நடந்தேன். ரோட்டில் பனிக்காகப் போட்ட உப்பு ஏறி ஒரு சக்கரம் இறுகிப்போயிருந்தது. ஐ.சி.யூ. வராந்தாவில் அது கறகறவென்று சத்தம் போட, ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அங்கேயே நின்றுவிடலாமா என்றிருந்தது.

எட்டரைக்கு என்று சொன்ன இன்டர்வியூ பத்தேகாலுக்குத்தான் தொடங்கியது. உள்ளே இருந்த சீனியர் டாக்டர், "கராச்சியில் படித்திருக்கிறீர்கள்..." என்று ஆரம்பித்தார். மேசையில் இருந்தது வேறு யாருடைய அப்ளிகேஷனோ. மதுரை என்றேன். தாள்களைப் புரட்டினார், என்னுடையது கிடைக்கவில்லை. சரி, தவறு யாருக்கும் நடக்கும். ஆனால் அடுத்து அவர் கேட்டது, கல்யாணம் ஆகிவிட்டதா, ரெசிடென்சிக்குள் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று. அப்புறம், வேறு எங்கெல்லாம் அப்ளை செய்திருக்கிறீர்கள் என்று. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று மேட்ச் (இரு தரப்பின் விருப்ப லிஸ்ட்களையும் ஒப்பிட்டு யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யும் முறை) நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பே ப்ரோக்ராம்களுக்கு, அதாவது பயிற்சி தரும் ஆஸ்பத்திரிகளுக்கு, சொல்லியிருக்கிறது. அது தெரிந்தும் எனக்கு வாய் எழவில்லை, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கு நடந்தால், "மூன்று வருஷமும் முழுசாக முடிக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். ஐந்தாவது இடத்தில் இதே கேள்வி வந்தபோது நான் அப்படித்தான் தப்பித்தேன்.

விசாவிலும் இடி. எச்-1பி (வேலை விசா) தருவதாக வெப்சைட்டில் இருந்தது, அதற்காகவே ஸ்டெப் 3 முடித்துவிட்டுப் போயிருந்தேன். மதியம் வந்து, இந்த வருஷம் முதல் ஜே-1 (படிப்பு, பயிற்சிக்கான தற்காலிக விசா) மட்டும்தான் என்கிறார்கள். டிக்கெட் போடும் முன்பே மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

லஞ்ச் ரெசிடென்ட்களோடுதான், ஆனால் அசோசியேட் டைரக்டரும் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. வாரத்துக்கு 80 மணி நேர வரம்பை மீறாமல் ட்யூட்டி போடுகிறார்களா என்று கேட்டேன். மூன்று ரெசிடென்ட்களும் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு "பிரச்சினை இல்லை" என்றார்கள். பெரியவர்கள் யாரும் இல்லாமல் ரெசிடென்ட்களோடு பத்து நிமிஷமாவது கிடைக்கிறதா என்று பாருங்கள், ஜூம் இன்டர்வியூவுக்கும் இது பொருந்தும்.

நான்காவது இடம் சின்ன கம்யூனிட்டி ஆஸ்பத்திரி. கோஆர்டினேட்டர் வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கித் தன் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, முதலில் டீ குடியுங்கள் என்றார். ப்ரோக்ராம் டைரக்டர் என் பர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் படித்திருந்தார், ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பார்த்த டெங்கு வார்டைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார்.

பிப்ரவரியில், போக விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தி ரேங்க் லிஸ்ட் போடும்போது சீனியர்கள் எல்லோரும், ஐந்துதான் இருக்கிறது, அந்த மூன்றாவது இடத்தையும் கடைசியிலாவது போடு என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, எல்லோரும் என்னைப் போல விடுங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மேட்ச் என்பது ஒப்பந்தம், லிஸ்டில் போட்ட இடம் கிடைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். லஞ்சில் பார்த்த அந்த மூன்று முகங்களில் ஒன்றாக மூன்று வருஷம் இருக்க முடியுமா என்று யோசித்தேன். நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் மார்ச் 11 திங்கட்கிழமை வரை ஒழுங்காகத் தூங்கவில்லை. மேட்ச் ஆகிவிட்டது என்ற மெயிலைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுவிட்டேன். எந்த இடம் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. என் பெட்டியை மேசைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்ட அதே ஆஸ்பத்திரி.