பீரியட்ஸ் தள்ளிப்போனால் முதலில் நாளை எண்ணுங்கள்

ஜனவரி 28-இல் வந்தது, பிப்ரவரி 24-லேயே வந்துவிட்டது என்று பதறுபவர்கள் நிறைய. எண்ணிப் பார்த்தால் 27 நாள். எந்தக் கோளாறும் இல்லை. காலண்டர் தேதி மாறுவது கணக்கே அல்ல.

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்த போக்கு தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ண வேண்டும், அதுதான் ஒரு சுழற்சி. நின்ற நாளிலிருந்து எண்ணினால் சுழற்சி நான்கைந்து நாள் குறைந்து தெரியும். பலர் தவறுவது இங்கேதான். லேசாகக் கறை படுவதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது முதல் நாள் ஆகாது. வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரை இயல்பு, போக்கு 8 நாளுக்குள் நிற்க வேண்டும். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரைகூடப் போகலாம்.

தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. நெகட்டிவ் வந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகும்.

கருமுட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். தாங்க முடியாத கட்டத்தில் அது ஒழுங்கில்லாமல் உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு கட்டி கட்டியாகக் கொட்டுவது இதனால்தான். பிசிஓஎஸ் (கருமுட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு) உள்ளவர்கள் “வராததே நிம்மதி” என்று விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் அந்தத் தடிப்பு புற்றுநோயாக மாறும் அபாயம் கூடும். கடையில் மாத்திரை வாங்கி வரவழைத்துக்கொள்வதும் தீர்வல்ல, காரணம் உள்ளேயே இருக்கும். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கூடுவது, திடீர் எடைக் குறைவு, கடும் உடற்பயிற்சி, சில மனநல மருந்துகள் எல்லாமே சுழற்சியைக் குலைக்கக் கூடியவை.

ஒழுங்காக வந்தவருக்கு 3 மாதம் வராவிட்டாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும், இடையிலோ உடலுறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

நாள் பார்க்காமல் உடனே ஓட வேண்டியவை இரண்டு. மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போவது. தலைசுற்றலும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம். அடுத்தது, தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. கரு, கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், போக்கு குறைவாக இருந்தாலும் அவசரம்தான்.

போகும்போது கடைசி மூன்று சுழற்சிகளின் தொடக்கத் தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேன் பிறகு வரட்டும். பதின்வயதில் சினைப்பையில் நீர்க்கட்டிபோல் தெரிவது சகஜம், அதை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்ட முடியாது.