எங்கள் ஆட்களும் இங்கே இருக்கிறார்களா?

சிங்கப்பூரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்கள்தான் பெரும்பாலும் என் பொறுப்பில் வருகின்றன. மெர்லயன், செந்தோசா, முஸ்தஃபா என்று நீளும் பயணத் திட்டங்களில் பீச் ரோட்டுப் போர் நினைவுப் பூங்காவுக்கு இடமிருப்பதில்லை. பஸ் அதைக் கடக்கும்போது நான்கு வெள்ளைத் தூண்களைக் காட்டி, 65 மீட்டருக்கும் மேல் உயரம் என்று மைக்கில் சொல்வதோடு சரி. குழு சம்மதித்தால் நான் இறக்கிவிடுகிறேன். பூங்கா சிறியது, புல்வெளியைத் தாண்டினால் தூண்களின் அடிக்கே போய்விடலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது இறந்த பொதுமக்களின் நினைவாக, சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தவர்) முதலியோர் என நான்கு தூண்கள். அடியில் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. "நம்முடையது எது?" என்று யாராவது கேட்பார்கள். எந்தத் தூணிலும் பெயர் இல்லை, நான்கும் ஒரே உயரம் என்பேன். கல்வெட்டில் தமிழைக் கண்டதும் கைப்பேசிகள் வெளியே வந்துவிடும்.

1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அடுத்த சில நாட்களில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தது ஜப்பானிய ராணுவம். தப்பியவர்களின் கையிலோ சட்டையிலோ முத்திரை குத்தி அனுப்பினார்கள். மற்றவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கடற்கரைகளில் சுடப்பட்டார்கள். எத்தனை பேர் என்ற கேள்வி தவறாமல் வரும். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 5,000. சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. இரண்டையும் சொல்கிறேன். சுருக்கமாக முடிக்க ஒன்றை மட்டும் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1962இல் சிக்லாப் பகுதியில் எலும்புகள் வெளிப்பட்டன. சீன வர்த்தகச் சங்கம் அவற்றைத் தோண்டியெடுக்கும் பொறுப்பை ஏற்றது. நினைவகம் எல்லா இனத்துப் பொதுமக்களுக்குமாக அமைய வேண்டும் என்று அரசு முடிவெடுத்து இடம் கொடுத்தது, செலவிலும் பங்கேற்றது. 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். அடையாளம் தெரியாதவர்களின் எச்சங்கள், 600க்கும் மேற்பட்ட தாழிகளில் வைக்கப்பட்டவை, இந்தத் தூண்களின் அடியில் இருக்கின்றன. இதைக் கேட்டதும் சிலர் தாமாகவே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அப்படிச் செய்யும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, எங்கள் ஆட்களும் இங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார். சண்டைக்கு முன் மலாயாத் தோட்டத்துக்குப் போன அவருடைய சித்தப்பாவிடமிருந்து கடிதம் வருவது அந்த ஆண்டுகளில் நின்றுபோனதாம். அவர் மனம் குளிர ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. சிக்லாப்பில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள், ஐயா என்றேன். தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனதையும், காலராவிலும் பட்டினியிலும் ஏராளமானோர் அங்கேயே மடிந்ததையும் சொன்னேன். "அப்படியானால் அவன் காடு வழியாகப் போயிருப்பான்" என்றார்.

அதன் பிறகு தமிழ்க் குழு எதுவானாலும் ரயில் பாதையின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். பயணத் திட்டம் போடும் அலுவலகத்தில் அந்த அரை மணியைக் காலையிலேயே ஒதுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாலையில் எல்லோருக்கும் கால் வலி வந்துவிடுகிறது.