கொழுந்து தேறியது, பேர் தேறவில்லை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருக்கிறேன். வாட்டம் கூடினாலும் நொதிப்பு பிந்தினாலும் மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அணு உலை விபத்தில் பரவும் கதிரியக்கச் சீசியத்துக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஜப்பானின் புகுஷிமாவைப் பற்றி வாசித்தபோது என்னை முதலில் உலுக்கியது அதுதான்.

2011 மார்ச்சில் அங்கே அணு உலைகள் உருகின. மே மாதம், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த கனகாவாவில் பச்சைக் கொழுந்து கிலோவுக்கு 500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அன்றைய வரம்பைத் தாண்டியது. முற்றிய இலையில் படிந்தது துளிருக்கு ஏறியிருந்தது. நாலரை, ஐந்து கிலோ கொழுந்து காய்ந்துதான் ஒரு கிலோ தேயிலை. தண்ணீர் போகும், சீசியம் போகாது. காய்ந்த தேயிலையையும் அளக்க வேண்டும் என்று அரசு சொன்னதும் எதிர்ப்புக் கிளம்பியது. காய்ந்ததில் அளவு கூடிக் காட்டுமே என்ற அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அளக்காமல் விட்டால் எல்லாத் தோட்டத்தின் மேலும் சந்தேகம் விழும். அப்புறம் செடிகளை ஆழமாகக் கவ்வாத்து வெட்டினார்கள், அளவு இறங்கியது.

ஆட்கள் மேல் விழுந்த கெட்ட பேர் அவ்வளவு லேசில் போகவில்லை. புகுஷிமாவிலிருந்து யோகோஹாமாவுக்குப் போன ஒரு சிறுவனைப் பள்ளியில் கிருமி என்று கூப்பிட்டு, நட்டஈடு கிடைத்திருக்கும்தானே என்று காசும் பறித்தது 2016இல் வெளிவந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களுக்கும் கல்யாணப் பேச்சு வரும்போது இதே கதைதான். கதிரியக்கப் பாதிப்பு சளி, காய்ச்சல் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அதைச் சொல்லியும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் மட்டும் விதிவிலக்கா? 2020 கடைசியில் கொரோனாவுக்குப் பயந்து கொழும்புக் கடைகளிலிருந்து பொடியன்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒரு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். தனிமைப்படுத்தல் முடிந்து நோட்டீஸைக் கிழித்த பிறகும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பொடியனின் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் யாரும் கூடை வைக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே பீலிக் குழாய்த் தண்ணீர். அந்த அக்கா கூடையைத் தானே ஓரமாக நகர்த்திக்கொண்டதை நான் தராசடியில் நின்று பார்த்தேன்.

அதனால்தான் புகுஷிமா மாநிலத்து இவாக்கி நகரத் தாய்மார் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதிகாரி சொல்லட்டும் என்று காத்திருக்காமல், அதே 2011 நவம்பரில் தாங்களே ஓர் ஆய்வுகூடம் திறந்தார்கள். பிள்ளைகளுக்குச் சமைக்கும் அரிசியையும் காய்கறியையும், அவர்கள் விளையாடும் இடத்து மண்ணையும் தாங்களே அளந்து, கிடைத்த அளவை ஊருக்குச் சொன்னார்கள்.