லாசரேத்துச் சுவர்களிலிருந்து கொலோஸ் கோயில் வரை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள ரெயூனியன் தீவுக்குத் தரிசனம் நாடி வருபவர்கள் கோபுரங்களைத் தேடிச் செல்வதே வழக்கம். ஆனால் இத்தீவில் நம் வழிபாடு கோபுரமே இல்லாத ஓரிடத்தில் கரையிறங்கியது என்பதால், எங்கள் பயணத்தைக் கிராந்த் ஷலூப்பிலிருந்து தொடங்கினோம். தலைநகர் செயிண்ட் தெனிக்கு மேற்கே, ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் கடலுமாக நீளும் கரையோரச் சாலையில், மலைப்பள்ளம் ஒன்று கடலைத் தொடும் இடத்தில் லாசரேத் என்னும் தனிமைப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன.

1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். காலராவும் அம்மையும் தீவுக்குள் பரவிவிடாதிருக்க அவர்களை முதலில் இங்கேதான் நிறுத்தி வைத்தார்கள். ஒரு நிலையம் செப்பனிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றோ கூரையின்றி, மரங்களுக்கு நடுவே எரிமலைக் கல் சுவர்களாக எஞ்சி நிற்கிறது. என் மனம் நிலைத்தது அந்தச் சிதைந்த நிலையத்தில்தான். பிழைப்போமா என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் அழைக்காமலா இருந்திருப்பார்கள்? பிற்காலத்தில் தோட்டங்களில் எழுந்த சிறு கோயில்களுக்கெல்லாம் அந்த வேண்டுதலே கடைக்கால் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடன் வந்த அத்தை காரைக்காலில் பிறந்தவர். “எல்லாம் நம்ம ஊர்த் துறையில ஏறின சனங்கப்பா” என்று சொல்லிச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் ஐந்தெழுத்தை ஓதி, நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

பிறகு கிழக்குக் கரைக்குத் திரும்பினோம். செயிண்ட் ஆந்திரே அருகே ஷாம் போர்னில், 1962ஆம் ஆண்டு ஜென்னிப் புயல் சிதைத்த தேவாலயத்தின் சுவர்கள் கடலோரத்தில் நிற்கின்றன. இங்குள்ள தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் பல கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒரே பக்தியுடன் செல்பவை என்பதால், அங்கும் கைகூப்பினோம். இன்னும் தெற்கே, செயிண்ட் ரோஸ் பகுதியில், 1977இல் எரிமலைக் குழம்பு வாசலுக்குள் சற்றே நுழைந்து நின்றுவிட்ட மாதா கோயிலையும் பார்த்துவிட்டு, மாலைப் பூசைக்காக வந்த வழியே திரும்பினோம்.

செயிண்ட் ஆந்திரேயிலுள்ள தமிழர் கோயிலான கொலோஸ் கோயிலின் வண்ணக் கோபுரத்தைக் கண்டதும் அத்தைக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட நிறைவு. உள்ளே மூதாட்டி ஒருவர் பிரெஞ்சு எழுத்துகளில் தமிழ்ப் பாட்டு எழுதிய குறிப்பேட்டை மடியில் விரித்துப் பாடிக்கொண்டிருந்தார். தமிழில் பேச அவருக்கு வரவில்லை; பாட்டிலோ ஓரடியும் தவறவில்லை. தலைமுறைகளாகப் பள்ளியும் அலுவலகமும் கைவிட்ட ஒரு மொழியைச் சன்னிதி காத்துக் கொடுத்திருப்பதைக் கேட்டு நான் கலங்கிப்போனேன்.

சங்கற்பத்துக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, லாசரேத்தில் இறந்தவர்களுக்காக அர்ச்சனை செய்ய வேண்டும், அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது என்று அத்தை சொன்னார். “அம்பாளுக்குத் தெரியும்மா” என்ற குருக்கள், கப்பலில் வந்து இம்மண்ணில் அடங்கிய அனைவரையும் கருதிச் சங்கற்பம் சொல்லி, அர்ச்சனையைத் தொடங்கினார்.